ஒற்றைச் சாட்சியும் ஏழு சாட்சிகளும்

ஓடும் பேருந்தில் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் முள் ஒரு நிலையில் நிற்காது. சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் துள்ளும். அதைப் பார்த்துப் பூமியின் காந்தப்புலம் துள்ளுகிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். பேருந்து குலுங்குகிறது, கை குலுங்குகிறது, முள்ளும் கூடவே குலுங்குகிறது. நிலநடுக்கம் வந்தால் காந்தமானிக்கும் இதே கதிதான். அதிர்வலை அடியில் கடந்துபோகும்போது பதிவுக்கோடு எகிறும். எகிறியது புலமா, கருவியா? நிலநடுக்கத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

இந்தக் கேள்வியை எதிர்கொண்ட விதத்தில் இரண்டு நிலநடுக்கங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக நிற்கின்றன. இரண்டும் கலிஃபோர்னியாவில், சான் ஆன்ட்ரியாஸ் பிளவு மண்டலத்தில், 15 ஆண்டு இடைவெளியில் நடந்தவை. 1989-இல் லோமா பிரீட்டா, 2004-இல் பார்க்ஃபீல்ட். முதலாவதன் காந்தப் பதிவு உலகப் புகழ் பெற்றது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று நம்புகிற எவரும் அதைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவார்கள். இரண்டாவது, துறைக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாது. இந்தப் புகழ் இடம் மாறிப்போய்விட்டது என்பது என் கருத்து. பார்க்ஃபீல்ட் பதிவுதான் நமக்கு அதிகம் கற்றுத் தருகிறது.

1989 அக்டோபர் 17, மாலை 5:04. சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் தொடங்கவிருந்தது. நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைக்காட்சியில் படம் நடுங்கி அறுந்தது. நிலம் ஆடியது சுமார் 15 வினாடி; அளவு 6.9. ஓக்லாந்தில் சைப்ரஸ் ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல்தளம் கீழ்த்தளத்தின்மேல் விழுந்து, அங்கே மட்டும் 42 பேர் இறந்தார்கள். மொத்தம் 63 பேர்.

நடுக்கத்தின் மையம் சாண்டா குரூஸ் மலைகளில் இருந்தது. அங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டரில் கொராலிடோஸ் என்ற சிற்றூர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆன்டனி ஃபிரேசர்-ஸ்மித் அங்கே ஒரு காந்தமானியை வைத்திருந்தார். நிலநடுக்கத்தைப் பிடிப்பதற்காக வைத்ததல்ல அது. நொடிக்குப் பத்து அலைவு முதல் நூறு நொடிக்கு ஓர் அலைவு வரையிலான, மிகத் தாழ்ந்த காந்த இரைச்சல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக வைத்தது. தற்செயலாக அதன் காலடியிலேயே பூமி வெடித்தது.

பதிவை எடுத்துப் பார்த்தபோது ஃபிரேசர்-ஸ்மித் குழுவுக்கு மலைப்பாக இருந்திருக்க வேண்டும். செப்டம்பர் 12 வாக்கில் ஒரு குறுகிய பட்டையில் புதிய குறி ஒன்று தலைகாட்டியிருந்தது. அக்டோபர் 5 முதல் கிட்டத்தட்ட எல்லா அலைவெண்களிலும் இரைச்சல் கூடியிருந்தது. நடுக்கத்துக்கு ஒருநாள் முன்பு சில பட்டைகளில் அது சற்று அடங்கியது. கடைசியாக, நடுக்கத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் இருக்கும்போது, மிகத் தாழ்ந்த அலைவுகளில் இரைச்சல் அதுவரை காணாத உயரத்துக்கு ஏறியிருந்தது. 1990-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வானில் நடக்கும் காந்தக் கொந்தளிப்பால் இதை விளக்க முடியவில்லை, அந்த மூன்று மணி நேரத்தில் கருவியை ஆட்டக்கூடிய பெரிய அதிர்வு எதுவும் இல்லை என்று அவர்கள் எழுதினார்கள். 52 கிலோமீட்டர் தள்ளி, ஸ்டான்ஃபோர்ட் வளாகத்தில் உயர் அலைவெண்களைக் கவனித்துக்கொண்டிருந்த இன்னொரு கருவியில் ஒன்றும் தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். நேர்மையான கட்டுரை அது. அதற்குப் பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தான் அந்த நேர்மையைப் பாதி வழியில் விட்டுவிட்டார்கள்.

ஓடியவர்கள் ஏன் ஓடினார்கள் என்பது எனக்குப் புரிகிறது. மூன்று மணி நேரம் என்பது ஒரு மேம்பாலத்தை மூடுவதற்குத் தாராளமாகப் போதும். அந்த 42 பேர் வேறு சாலையில் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். இந்த எண்ணம் ஒருமுறை மனத்தில் விழுந்துவிட்டால் அந்த வரைகோட்டைச் சந்தேகத்தோடு பார்ப்பது கடினம். சந்தேகிப்பதே இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம் போலத் தோன்றும். ஆனாலும் சந்தேகித்துத்தான் ஆக வேண்டும். பொய்யான எச்சரிக்கையை நம்பி ஒரு நகரத்தை இரண்டு முறை காலி செய்தால், மூன்றாவது முறை உண்மையான எச்சரிக்கைக்கு யாரும் கதவைத் திறந்து வெளியே வர மாட்டார்கள்.

இப்போது பார்க்ஃபீல்டுக்கு வருவோம். கொராலிடோஸிலிருந்து தென்கிழக்கே, மாட்டுப் பண்ணைகளும் ஓக் மரங்களும் உள்ள வறண்ட பள்ளத்தாக்கில் அது இருக்கிறது. ஊர் என்று சொல்வதற்கே தயக்கம். மக்கள்தொகை 18 என்று பலகை போட்டிருந்த இடம். ஊருக்குள் நுழையும் சிறு பாலம் பிளவின்மேல் கட்டப்பட்டது. அதன் ஒரு முனை வட அமெரிக்கத் தட்டிலும் மறுமுனை பசிபிக் தட்டிலும் இருக்கிறது. இந்த ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு: 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று சராசரியாக 22 ஆண்டுக்கு ஒருமுறை அளவு 6 ஒட்டிய நடுக்கம். 1934-லும் 1966-லும் பெரிய நடுக்கத்துக்கு 17 நிமிடம் முன்பு, அளவு 5-ஐ ஒட்டிய சிறு நடுக்கம் ஒன்று வந்து கதவைத் தட்டியது. 1966-இல் இன்னும் ஒரு விசேஷம்: பிளவைக் கடந்து போன பாசனக் குழாய் ஒன்று, நடுக்கத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்பே உடைந்தது. இவ்வளவு ஒழுங்கு உள்ள இடம் உலகத்தில் வேறு கிடைக்காது என்று அறிவியலாளர்கள் நினைத்தார்கள். அடுத்தது 1988 வாக்கில், எப்படியும் 1993-க்குள் வரும் என்று 1985-இல் முறைப்படி அறிவித்தார்கள்.

அறிவித்துவிட்டுக் கருவிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நிலத்தின் நீட்சியை, கிணற்று நீரின் அழுத்தத்தை, மண்ணின் நகர்வை அளக்கிற கருவிகள். காந்தத்துக்கு, பிளவின் ஓரமாக 60 கிலோமீட்டர் நீளத்தில் ஏழு புரோட்டான் காந்தமானிகள். இவை 1976 முதலே அங்கே வேலை செய்துகொண்டிருந்தன. மண்ணில் ஓடும் மின்சாரத்தையும் காந்த அலைவையும் சேர்த்துப் பதிவு செய்யும் நிலையம் ஒன்று 1995 முதல் பார்க்ஃபீல்டில் இயங்கியது. அதற்கு இணையாக, பிளவின் ஓரமாக வடமேற்கே 115 கிலோமீட்டரில், ஹாலிஸ்டர் அருகே இன்னொன்று. 1988 போனது. 1993 போனது. நடுக்கம் வரவில்லை. கணிப்பு பொய்த்தது என்று எல்லோரும் முடிவு கட்டிய பிறகு, 2004 செப்டம்பர் 28 காலை 10:15-க்கு வந்தது. அளவு 6.0. கதவைத் தட்டும் சிறு நடுக்கம் இந்த முறை இல்லை. 1966-இல் பிளவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிழிந்தது. இந்த முறை தென்கிழக்கிலிருந்து வடமேற்காக. யாரும் சாகவில்லை. கருவிகள் எல்லாம் விழித்திருந்தன.

அந்தக் கருவிகளை இங்கே கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி அங்கேதான்.

கொராலிடோஸில் இருந்தது கம்பிச் சுருள். ஓர் உலோகத் தண்டின்மேல் ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. சுருளின் ஊடாகப் போகும் காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். பள்ளியில் ஃபாரடே சொன்னதாகப் படித்ததுதான். மிக நுணுக்கமான கருவி இது. அதன் பலவீனமும் அந்த நுணுக்கத்திலேயே இருக்கிறது. சுருளைப் பொறுத்தவரை புலம் மாறினாலும் ஒன்றுதான், தான் திரும்பினாலும் ஒன்றுதான். கலிஃபோர்னியாவில் பூமியின் புலம் சுமார் 50,000 நானோடெஸ்லா. அதற்குக் குறுக்காகக் கிடக்கும் சுருள் ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்தால், ஏறத்தாழ 0.9 நானோடெஸ்லா மாறியதாகச் சொல்லும். புலம் அப்படியே இருக்கும். மாறியது சுருளின் படுக்கை.

பார்க்ஃபீல்டில் இருந்த புரோட்டான் காந்தமானியின் நெஞ்சில் இருப்பது ஒரு குப்பி. அதற்குள் மண்ணெண்ணெய் போல, ஹைட்ரஜன் நிறைந்த திரவம். குப்பியைச் சுற்றிய கம்பியில் கொஞ்ச நேரம் மின்சாரம் பாய்ச்சினால் திரவத்திலுள்ள புரோட்டான்கள் எல்லாம் ஒரு பக்கமாகத் தலைசாய்க்கும். மின்சாரத்தை நிறுத்தியதும், தள்ளிவிட்ட பம்பரம் தலையாட்டுவதுபோல அவை பூமியின் புலத்தைச் சுற்றித் தலையாட்டத் தொடங்கும். எவ்வளவு வேகமாக ஆட்டும் என்பதைப் புலத்தின் வலிமை மட்டுமே தீர்மானிக்கிறது. 50,000 நானோடெஸ்லாவில் நொடிக்குச் சுமார் 2,130 முறை. ஒலிபெருக்கியில் கொடுத்தால் காதால் கேட்கலாம். மெல்லிய விசில், சில நொடியில் தேய்ந்து அடங்கும். அந்த விசிலின் சுருதிதான் அளவீடு. குப்பியைச் சாய்த்தால் விசிலின் உரப்பு கூடும் குறையும், சுருதி மாறாது. நிலம் ஆடி, கருவி கோணலாக நின்றாலும் அது சொல்லும் எண் அதே எண்தான். நடுக்கத்துக்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நம்பகமான சாட்சி கிடைப்பது அரிது.

ஏழு குப்பிகளும் சொன்னது இதுதான். நடுக்கத்தின்போது ஐந்து இடங்களில் புலம் 0.2 முதல் 0.5 நானோடெஸ்லா வரை மாறியது. 50,000-இல் அரை. விசிலின் சுருதியில் அது நொடிக்கு நூறில் இரண்டு சுற்றுதான். எந்தக் காதுக்கும் எட்டாது. அதற்கு முந்தைய மாதம், வாரம், நாள் எதிலும் வழக்கமான இரைச்சலைத் தாண்டிய அசைவு எதுவும் இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் மால்கம் ஜான்ஸ்டனும் உடன் பணியாற்றியவர்களும் 2006-இல் இதை வெளியிட்டார்கள்.

அரை நானோடெஸ்லா எங்கிருந்து வந்தது? பாறையிலிருந்து. பாறைகளில் மாக்னடைட் என்ற இரும்புத் தாது துகள் துகளாகக் கலந்திருக்கிறது. அதை அழுத்தினாலோ அழுத்தத்தைத் தளர்த்தினாலோ அதன் காந்தத்தன்மை சிறிதளவு மாறும். பல ஆண்டு இறுகிக் கிடந்த பிளவு சட்டென்று வழுக்கியதும் சுற்றிலும் உள்ள பாறையின் அழுத்தம் இடம் மாறியது. பாறையின் காந்தமும் கூடவே மாறியது, மாறிய இடத்திலேயே நின்றுவிட்டது. எங்கே எவ்வளவு மாற வேண்டும் என்று கணக்குப் போட முடியும், அதை அளவோடு ஒப்பிடவும் முடியும். ஓர் அளவீட்டுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

அலை கடந்து போகிற நேரத்தில் நடப்பது வேறு. அங்கே மூன்று விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஒன்று, முன்பே சொன்ன பேருந்துக் குலுக்கல்: கருவி தானே ஆடுவது. இரண்டாவது, மண்ணே ஒரு மின்னாக்கியாக மாறுவது. ஈரமான மண் ஓரளவு மின்கடத்தி. கடத்தி ஒன்று காந்தப்புலத்தில் நகர்ந்தால் அதில் மின்சாரம் தூண்டப்படும். அணைக்கட்டில் டைனமோ சுழல்வதும் இதே விதிப்படிதான். நிலம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 100 மீட்டர் நீளக் கம்பியில் சுமார் அரை மில்லிவோல்ட். சிறியதுதான், ஆனாலும் அளக்கலாம். மூன்றாவது, நீர். பாறையின் நுண்துளைகளில் உள்ள நீர் வெறும் நீராக இருப்பதில்லை; துளைச்சுவரை ஒட்டி மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. அலை பாறையை ஒரு பக்கம் பிழிந்து மறுபக்கம் தளர்த்தும்போது நீர் நகர்கிறது, மின்னேற்றமும் கூடவே நகர்கிறது. நகரும் மின்னேற்றம் மின்னோட்டம். மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலமும் இருக்கும். ஆக, அதிர்வலை கடக்கும் சில நொடிகளுக்குப் புலமும் உண்மையாகவே அசைகிறது, கருவியும் அசைகிறது. இரண்டையும் பிரிப்பது, கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது ஒருவர் குரலை மட்டும் எழுதுவதுபோல.

பிரிப்பதற்கு ஒரு வழி நேரம். பாறை உடைவதே மின்காந்தக் குறியை உண்டாக்குகிறது என்றால், அந்தக் குறி உடைந்த கணமே அருகிலுள்ள கருவிக்கு வந்துவிட வேண்டும். அதிர்வலைக்கு அப்படி முடியாது. அதன் வேகமான வகையே நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர்தான் போகும். முதலில் வருவது குறியா, அலையா? பார்க்ஃபீல்டில் குறி, அலையோடு வந்தது. நிலம் எப்படி ஆடியதோ அதற்குத் தக்கபடியே மின்பதிவும் ஆடியது. இதை நொடிக் கணக்கில் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அங்கே பதிவு நொடியையும் துண்டு போட்டுச் சேமித்து வைத்திருந்தது.

கொராலிடோஸில் இதைக் கேட்கவே வழியில்லை. அங்கே சேமித்து வைத்தது அரைமணி நேரச் சராசரி. அரைமணிக்கு ஓர் எண். அந்த அரைமணிக்குள் இரைச்சல் சீராக இருந்ததா, ஒரே ஒரு முறை பெரிதாகத் துள்ளியதா, அலை வந்த பிறகு ஏறியதா, வருமுன் ஏறியதா, எதுவும் தெரியாது. நடுக்கத்தில் மின்சாரமும் போய்விட்டது. ஃபிரேசர்-ஸ்மித்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1989-இல் தரவைச் சேமிப்பது செலவான காரியம். மாதக்கணக்கில் இரைச்சலின் போக்கைப் பார்க்க அரைமணிச் சராசரி போதும் என்று எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தத் தராசு வேறு சரக்குக்காகச் செய்தது. பொன் நிறுக்க அதைக் கொண்டுவந்தது நாம்தான்.

பிரிக்கும் இரண்டாவது வழி, இன்னொரு சாட்சி. காந்தப்புலத்தை ஆட்டுவதில் பூமியைவிடச் சூரியன் எத்தனையோ மடங்கு பெரிய ஆள். திருநெல்வேலிக்கு மேலே, நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நடுப்பகலில் ஓடும் பூமத்திய ரேகை மின்னோட்டம் மட்டுமே தினமும் பத்துக் கணக்கில், சில நாள் நூறு நானோடெஸ்லா வரை புலத்தை மாற்றுகிறது. காந்தப் புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். அந்த ஆரவாரத்தில் அரை நானோடெஸ்லாவைக் கேட்க ஒரே உபாயம் கழித்தல். சூரியன் செய்வது 115 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஏறக்குறைய அதேபோல்தான் இருக்கும். பிளவு செய்வது பிளவின் அருகில் மட்டும்தான் இருக்கும். பார்க்ஃபீல்டிலிருந்து ஹாலிஸ்டரைக் கழித்தால் மிஞ்சுவது உள்ளூர்ச் சங்கதி. பிற்பாடு அந்த இரு நிலையங்களின் 2002 முதல் 2005 வரையிலான பதிவை எடுத்து மறுபடி அலசினார்கள். கருவி கோளாறான நாட்களை எல்லாம் வெட்டி எறிந்தபோது நான்கு ஆண்டில் மிஞ்சியது 875 நாள். அந்த 875 நாளிலும் நடுக்கத்துக்கு முன்னோடியாகச் சொல்லத்தக்க எதுவும் இல்லை. எனக்கு அந்த எண் மிகவும் பிடித்திருக்கிறது. ஐந்தில் இரண்டு பங்குப் பதிவு உதவாது என்று தாங்களே ஒதுக்கியவர்கள் மீதியைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

லோமா பிரீட்டாவில் ஒரே ஒரு சாட்சி. அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய 20 ஆண்டு ஆனது. 2009-இல் ஜெரமி தாமஸ், ஜெஃப்ரி லவ், மால்கம் ஜான்ஸ்டன் மூவரும் 1989 ஜனவரி முதல் 1990 அக்டோபர் வரை 21 மாதப் பதிவு முழுவதையும் எடுத்தார்கள். கருவியைப் பார்த்துக்கொண்டவர்கள் அன்றாடம் எழுதி வைத்த குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துப் புரட்டினார்கள். அதே காலத்தில் ஜப்பானில் நொடிக்கொருமுறை எடுத்த காந்தப் பதிவையும், கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ ஆய்வகப் பதிவையும் பக்கத்தில் வைத்தார்கள். கடல் கடந்த ஜப்பான் எதற்கு? சூரியன் செய்கிற கலவரம் அங்கேயும் தெரியும். கொராலிடோஸ் கருவி ஒழுங்காக இருந்தால் சாதாரண நாட்களில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை. இரைச்சலின் அடிமட்டம் நடுக்கத்துக்கு முன்பு மட்டும் அல்ல, அதற்கு நெடுநாள் முன்பும் நெடுநாள் பின்பும் காரணமில்லாமல் ஏறி இறங்கியிருந்தது. கருவியமைப்பின் கோளாறுதான் அது என்று மூவரும் முடிவு சொன்னார்கள். அதே ஆண்டு வாலஸ் கேம்ப்பெல் வேறு விளக்கம் தந்தார்: அது இயற்கையான காந்தக் கொந்தளிப்பு என்றார். 1989 சூரியனின் உக்கிரமான ஆண்டு. மார்ச் 13-இல் காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணமே இருண்டது. அக்டோபர் நடுக்கத்துக்கு மூன்று நாள் கழித்தும் ஒரு பெரும் புயல் வந்தது.

இந்த இரு மறுப்புகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் கருவி கெட்டது என்கிறார். மற்றவர் கருவி சரி, வானம் கெட்டது என்கிறார். என் மனம் முதல் விளக்கத்தின் பக்கம் சாய்கிறது, குறிப்புப் புத்தகம் வரை போய்ப் பார்த்தவர்கள் அவர்கள் என்பதால். ஆனால் யார் சரி என்பதைவிட, இருபது ஆண்டு கழித்தும் இப்படி இரண்டு விளக்கம் சாத்தியப்படுகிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஐந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சுருள் இருந்திருந்தால் இந்த வழக்கு ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும்.

பார்க்ஃபீல்டை வைத்துக்கொண்டு லோமா பிரீட்டாவை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒரே தராசில் நிற்கும் நடுக்கங்கள் அல்ல. 6.9-க்கும் 6.0-க்கும் இடையே வெளியான ஆற்றலில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். லோமா பிரீட்டா சுமார் 18 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கியது. பார்க்ஃபீல்ட் அதைவிட மேலே. பார்க்ஃபீல்டில் முன்னறிகுறியாக நிலமும் நெகிழவில்லை, கிணற்று நீரும் அசையவில்லை; வேறு எதுவுமே நடக்காத இடத்தில் காந்தம் மட்டும் ஏன் அசைய வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரிய நடுக்கம் ஏதாவது முணுமுணுக்கும், சிறியது முணுமுணுக்காது என்பதற்கும் இடமிருக்கிறது. ஆனால் அதை நிறுவ வேண்டிய பொறுப்பு முணுமுணுப்பைக் கேட்டேன் என்கிறவருடையது. அதற்கு அவர் ஏழு குப்பிகளோடு வர வேண்டும்.

முன்னறிகுறியைத் தேடிக்கொண்டே இருந்ததில், அதிர்வலை நடுக்கத்துக்குப் பிறகு காந்தப்புலத்துக்குச் செய்வதை நாம் இரண்டாந்தரமாக நினைத்துவிட்டோம். பார்க்ஃபீல்ட் நடுக்கம் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 26, இந்திய நேரப்படி காலை 6:28-க்கு சுமத்ரா கடலடியில் பூமி கிழிந்தது. தாய்லாந்தில் பிமாய் என்ற ஊரில் ஒரு காந்தமானி இருந்தது. அதன் கோடு சுமார் 12 நிமிடம் கழித்து ஆடத் தொடங்கியது. ஓர் ஆட்டத்துக்கு மூன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகம் என்ற மெதுவான தாளத்தில். ஜப்பானின் தோஷிஹிகோ இயெமோரியும் குழுவினரும் மறு ஆண்டே இதை எழுதினார்கள். இது கருவிக் குலுக்கல் ஆக முடியாது. மூன்றரை நிமிடத் தாளத்தில் எந்தக் கருவியும் குலுங்கிக்கொண்டிருக்காது. இங்கே அலை சென்ற பாதை மண் அல்ல, ஆகாயம். கடல்மட்டம் ஏறி இறங்கியபோது மேலிருந்த காற்றையும் தள்ளியது. காதுக்கு எட்டாத அந்தத் தாழ்ந்த ஒலி மேலே போகப் போக, காற்று மெலிந்துகொண்டே வருவதால் அதன் வீச்சு ஆயிரக்கணக்கான மடங்கு பெருகியது. நூறு கிலோமீட்டருக்கு மேலே, மின்னோட்டங்கள் ஓடும் அயனிமண்டலத்தைப் போய் உலுக்கியது. தரைக்கும் அந்த உயரத்துக்கும் நடுவே காற்று இயல்பாக எந்தத் தாளத்தில் எதிரொலிக்குமோ அந்தத் தாளத்தில்தான் காந்தமானியும் ஆடியது.

பார்க்ஃபீல்டின் குப்பிகளைப் போலவே இதற்கும் நேரம் உண்டு, காரணம் உண்டு, கணக்கு உண்டு. முன்கூட்டிச் சொல்லும் மந்திரம் இதில் கிடையாது. அதிர்வுமானிகள் இதைவிட வேகமாகச் செய்தி சொல்லும் என்பதும் உண்மை. ஆனால் அதிர்வுமானி சொல்வது பூமி ஆடியதை. ஆகாயம் சொல்வது கடலின் மேற்பரப்பு எழும்பியதை. பிமாய் கோடு ஆடத் தொடங்கியபோது நாகப்பட்டினத்தில் மணி 6:40 இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடற்கரையில் ஆட்கள் இருந்தார்கள். அலை நம் கரையைத் தொட இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.